சானலில் வெள்ளம் விட்ட ஞாயிறு

1. தண்ணீர் இல்லாத பாதை

பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அடுத்த ஆண்டு, அதாவது 2005இல், ஒரு தொண்டு அமைப்பில் வேலைக்குச் சேர்ந்தேன். சுனாமியில் வீடிழந்த கடற்கரைக் குடும்பங்கள் அப்போது தார் ஷீட் வேய்ந்த ஷெட்டுகளில் இருந்தார்கள். பகலில் உள்ளே இருக்க முடியாத சூடு. அவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் மலையோரப் பக்கம் கூட்டிப்போய் நடக்க வைப்பதுதான் என் வேலை. சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் நடக்கக்கூடிய பாதையாக இருக்க வேண்டும். கொஞ்சம் மரநிழல், கொஞ்சம் புல்வெளி, வழியில் பார்ப்பதற்கு ஒரு பழைய இடம்.

முதல் நாள் திட்டப் பொறுப்பாளர் சென்னையிலிருந்து போனில் பேசினார்.

"டீச்சர், கடல் கண்ணுல படவே கூடாது. முடிஞ்சா தண்ணியே இல்லாத ரூட்டா பாருங்க."

அவர் எங்கள் மாவட்டத்தைப் பார்த்ததில்லை. பேச்சிப்பாறை அணையில் தொடங்கி எங்கு திரும்பினாலும் ஆறு, குளம், சானல். பாசனக் கால்வாயை நாங்கள் சானல் என்றுதான் சொல்வோம். தண்ணீர் கண்ணில் படாமல் இங்கே ஒரு மைல்கூட நடக்க முடியாது.

எனக்கு உதவிக்கு ராஜன் என்று ஒருவர் இருந்தார். ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு வேலை பார்த்தவர். அருமனை சுற்றுவட்டாரம் முழுவதும் அவருக்குப் பழக்கம். மே மாதத்தில் இருவரும் அலைந்து ஒரு ரூட் பிடித்தோம். அருமனையைத் தாண்டி ஒரு பஸ் ஸ்டாப்பில் தொடங்கி, ரப்பர் தோட்டத்துக்குள் நடந்து, சானலைக் கடந்து, ஆடு மேயும் புல்வெளி வழியாகச் சிதறால் மலை. மலைமேல் பழங்காலச் சமணர் பள்ளியும் பாறையில் செதுக்கிய உருவங்களும் இருக்கின்றன. சானல் அப்போது காய்ந்து கிடந்தது. உள்ளே ஆடுகள் படுத்திருந்தன. குறுக்கே ஒற்றைக் கற்பலகை பாலம்.

2. ஒரு கை

ஜூன் தொடக்கத்தில் முதல் நடை. இரண்டு வேன்களில் குடும்பங்கள் வந்து இறங்கின. வேன்கள் மலையடிவாரத்துக்குப் போய்க் காத்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இறங்கியதும் அனுப்பிவிட்டோம்.

நடைக்கு ஒரு முறை உண்டு. முன்னால் லீடர், கடைசியில் டெயில். டெயிலுக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. நான் லீடர், ராஜன் டெயில். எனக்கு நேர் பின்னால் ஜெலஸ்டின் என்ற மீனவர் தன் மகனைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். அவர் மனைவி கிளாரா வரிசையின் கடைசியில், ராஜனுக்கு முன்னால் நடந்தாள். ஷெட்டில் ஏதோ சண்டை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. ரப்பர் தோட்டத்துக்குள் பகலிலும் வெளிச்சம் குறைவு. ஒரே அளவில் மரங்கள், ஒரே இடைவெளி. ஒரு பிள்ளை மரத்தில் கட்டியிருந்த, பால் வடியும் தேங்காய்ச் சிரட்டையைத் தொட்டுப் பார்த்தது. யாரும் பேசவில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலாக்களின் கூச்சலுக்குப் பழகிய எனக்கு அந்த அமைதி என்னவோபோல் இருந்தது.

சானல் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் சத்தம் கேட்டது. வரிசை தானாக நின்றது. பெண்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள்.

"வெள்ளம் விட்டிருக்கானுவ டீச்சர்" என்றார் பின்னாலிருந்து வந்த ராஜன்.

எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பெயர். முந்தின நாள் அணையைத் திறந்திருக்கிறார்கள். சிவந்த தண்ணீர், சருகுகளை அள்ளிக்கொண்டு, கற்பலகைக்குச் சற்றுக் கீழே வேகமாக ஓடியது. வேன்கள் அந்தப் பக்கம். செல்போனில் டவர் இல்லை. ஒரு பெண் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். அவளைப் பார்த்துப் பிள்ளைகளும் அழுதார்கள்.

ஜெலஸ்டின் மகனை என் பக்கத்தில் இறக்கிவிட்டார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சானலுக்குள் இறங்கினார். தண்ணீர் இடுப்புவரை வந்தது.

"ஒண்ணுமில்ல, இடுப்பளவுதான் இருக்கு. என் கையப் பிடிச்சிட்டு கல்லுமேல நடந்து வாருங்க."

ராஜனை முதலில் அக்கரைக்கு அனுப்பினேன். பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். வயதானவர்கள் அவர் தோளைப் பிடித்தார்கள். பிள்ளைகளை அவர் தூக்கி ராஜனிடம் கொடுத்தார். அவருடைய மகனும் போய்விட்டான். கடைசியில் நானும் கிளாராவும் மட்டும் இக்கரையில் நின்றோம்.

அவர் கையை நீட்டினார். "வா, கிளாரா."

கிளாரா அசையவில்லை.

"அந்தக் கை எனக்கு வேண்டாம்" என்றாள்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் அக்கரையில் நின்றவர்களுக்குக் கேட்டிருக்க வேண்டும். அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஜெலஸ்டின் கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே நின்றார். பிறகு இறக்கிக்கொண்டார்.

"நான் பிடிக்குதேன் கிளாரா" என்றேன்.

"வேண்டாம் டீச்சர். நான் வந்த வழியே போறேன்."

திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது ஜெலஸ்டின் தண்ணீருக்குள் நின்றபடியே சொன்னார்: "நீங்க அவகூடப் போங்க டீச்சர். அவளுக்கு வழி தெரியாது."

ராஜனிடம் கூட்டத்தை ஒப்படைத்துவிட்டு அவள் பின்னால் ஓடினேன்.

3. திரும்பி வந்த வழி

பாதித் தோட்டம் கடந்தபின் அவளே பேசினாள்.

"அன்னைக்கு ரெண்டு பிள்ளையளையும் பிடிச்சிட்டுதான் டீச்சர் அவிய ஓடினது. ஒரு கையில மவன், மத்தக் கையில ரெஜினா. கடல் வந்து அடிச்சதுல ஒரு கை விட்டுப்போச்சு."

அவள் நடைக்கு ஈடுகொடுத்துப் பக்கத்தில் நடந்தேன்.

"அவிய மேல தப்பில்ல. எனக்குத் தெரியாமலா? எந்தக் கைய விட்டிருக்கணும்னு நான் சொல்லுவேன்? ரெண்டும் நான் பெத்த பிள்ளையதான். ஆனா அந்தக் கையப் பாத்தா, அது வெறும் கையாத்தான் தெரியுது."

வேலையில் சேர்ந்தபோது எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்கள். துயரத்தில் இருப்பவரிடம் என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்றெல்லாம். அதில் படித்த எதுவும் அந்த இடத்தில் வாயில் வரவில்லை. குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தேன். அதை அவள் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

பஸ் ஸ்டாப் சாயாக் கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரப் பெண் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "கடப்பொறமா?" என்று கேட்டாள். கடற்கரைப் பக்கமா என்று பொருள். கிளாரா தலையாட்டினாள். "யாரு போனா?" என்று கேட்டாள் அந்தப் பெண். அந்த வருடம் எல்லோரும் இப்படித்தான் கேட்டார்கள்.

"மவ."

அந்தப் பெண் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் சாயாவை முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் வேன்கள் எங்களை ஏற்றிக்கொள்ள வந்தன. ஜெலஸ்டினின் சாரம் இன்னும் ஈரமாக இருந்தது. மகன் அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். கிளாரா அதே வேனில் ஏறி வேறு சீட்டில் உட்கார்ந்தாள்.

மறுநாள் பொறுப்பாளர் கூப்பிட்டார். "குடும்பங்கள் மனசு விட்டுப் பேசினாங்களா டீச்சர்?"

"ஒருத்தங்க பேசினாங்க."

"நல்லது. அதுதான் நமக்கு வேணும்" என்றார்.

அதன்பிறகு வந்த நடைகளுக்கும் அவர்கள் இருவரும் வந்தார்கள். அவர் முன்னால், அவள் கடைசியில். அடுத்த ஆண்டு திட்டம் நின்றது. அவர்களுக்குப் புது வீடு கிடைத்தது என்று கேள்விப்பட்டேன்.

4. சிதறால் மேலே

நடை நடத்துவதை நான் விடவில்லை. பிறகு வந்த ஆண்டுகளில் வெளியூர்க் குடும்பங்களையும் பள்ளிப் பெற்றோர்களையும் கூட்டிப்போனேன். 2013இல் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து சுய உதவிக்குழுப் பெண்கள் சிதறால் பார்க்க வந்தார்கள். அதில் கிளாரா இருந்தாள். முன்தலை நரைத்திருந்தது.

கொல்லாமரம் என்று நாங்கள் சொல்லும் முந்திரி மரங்களின் நிழலில் ஏறிச் சமணர் பள்ளிக்குப் போனோம். பாறையில் இருக்கும் உருவங்களைக் காட்டி, இங்கே சமணத் துறவிகள் தங்கியிருந்தார்கள் என்று வழக்கம்போல் சொன்னேன்.

"குடும்பத்த விட்டுட்டு வந்தவியளா?" என்று கேட்டாள் கிளாரா.

"ஆமா."

நிறைய நேரம் அந்த உருவங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் சோற்றுப் பொதியைப் பிரித்தபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறானாம்.

"ஜெலஸ்டின்?"

"பஹ்ரைன்ல. அங்கயும் மீன்பிடிதான். ஞாயித்துக்கெழம மவனுக்குப் போன் வரும். அம்ம சாப்பிட்டாளான்னு கேப்பாராம். சாப்பிட்டேன்னு நான் மவன்கிட்ட சொல்லுவேன். அவன் போன்ல சொல்லுவான்."

"ஒரு நாள் நீயே சொல்லலாமே?"

"சொல்லலாம்" என்றாள். "மவன் போன நீட்டுவான். வாங்குவேன். மறுபக்கம் அவிய மூச்சு கேக்கும். பொறவு திருப்பிக் குடுத்துருவேன்."

மேகம் வந்து மலையை மூடியது. மழைக்கு முன் இறங்க வேண்டும் என்று எல்லோரையும் எழுப்பினேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் ரூட் கேட்கிறார்கள். சொல்லிக்கொடுக்கிறேன். பாதியில் திரும்புகிறவர்களுக்கு ஒரு வழியும், அவர்களோடு திரும்பி நடக்க ஓர் ஆளும் முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். நடந்தால் மனம் ஆறும் என்று சொல்லி யாரையும் கூட்டிப்போகாதீர்கள். நடக்கலாம், வாருங்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.