வெர்னா இறக்கிய பிளேடு

வெர்னா டோலெஃப்சன் இருபத்திரண்டு வருடமாக எங்கள் சுரங்கத்தில் கிரேடர் ஓட்டுகிறாள். அடியில் நீண்ட இரும்பு பிளேடு வைத்து ரோட்டைச் சீவிச் சமன் செய்யும் வண்டி அது. வயோமிங் மாநிலத்தில் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கிரேடர்காரர் ரோட்டின் குறுக்கே பிளேடை இறக்கிவிட்டால், அவரே தூக்கும்வரை ஒரு நிலக்கரி லாரியும் நகராது.

போன வருடம் உற்பத்தியை இரட்டிப்பாக்கக் கம்பெனி முடிவெடுத்தது. புதுக் குழியிலிருந்து கரியை நொறுக்கும் ஆலைக்குக் கொண்டுவர ரோடு வேண்டும். ஒரு வழி முகட்டைச் சுற்றிச் செம்பாறை மேல் போவது; தூரம் அதிகம். இன்னொன்று களிமண் பள்ளத்தில் நேராக இறங்குவது. சின்னது, ஆனால் செங்குத்து. டென்வரிலிருந்து வந்த இன்ஜினியர் கென்ட்ரிக் சின்ன வழியையே தேர்ந்தெடுத்தார். ஒரு நடைக்கு நாலு நிமிடம் மிச்சமாம்.

காலைக் கூட்டத்தில் வெர்னா எழுந்தாள்.

“அந்தக் களிமண்ணுல மழை பெஞ்சா என்னாகும்னு பாத்தீங்களா?”

“ஓட்டிப் பாத்துட்டோம்மா. கல்லு மாதிரி நிக்குது,” என்றார் கென்ட்ரிக்.

“எப்ப ஓட்டினீங்க?”

“ஆகஸ்ட்ல.”

“ஆகஸ்ட்ல எந்த ரோடும் கல்லுதான் தம்பி. மழை கொட்டுற மே மாசம் வந்து ஓட்டுங்க.”

நாங்கள் சிரித்தோம். சூப்பரின்டெண்ட் ஹாலிஸ் சிரிக்கவில்லை. “சீவுறது உன் வேலை. எந்தப் பக்கம் ரோடு போடுறதுங்கிறது எங்க வேலை,” என்றார். அந்தப் பேச்சு எனக்கு இன்னும் ஆறவில்லை. லோடோடு அதில் இறங்கப்போவது அவரா?

ரோடு திறந்தது மே மாதத்தில். அன்று விடிந்ததிலிருந்து மழை. முதல் லாரி என்னுடையது. இருநூற்று நாற்பது டன் கரியோடு இறக்கத்தின் உச்சியில் நின்றேன். பயமாக இருந்தது, ஒளிப்பானேன். வெர்னா என் முன்னால் வந்து பிளேடை இறக்கினாள். ரேடியோவில் இரண்டே சொல்: “ரோடு மூடியாச்சு.”

ஹாலிஸ் பிக்கப்பில் பறந்து வந்தார், கூடவே கென்ட்ரிக்.

“தூக்குறியா, வீட்டுக்குப் போறியா?”

“வீட்டுக்கே போறேன் ஹாலிஸ். அதுக்கு முன்னாடி உங்க பிக்கப்பை என் வண்டிக்கு ஓரமாச் சுத்திக் கீழ இறக்கிக் காட்டுங்க. காலி வண்டிதானே? நேராப் போய் நின்னா நானே தூக்கிடுறேன்.”

ஹாலிஸ் அசையவில்லை. கென்ட்ரிக்தான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். நூறு அடி போவதற்குள் பிக்கப் வழுக்கி, சுற்றி, பின்பக்கமாகவே போய் ஓரத்து மண்மேட்டில் முட்டி நின்றது. அவர் இறங்கியபோது ஒரு பூட்ஸ் களிமண்ணிலேயே தங்கிவிட்டது. ஒற்றைக் காலுறையோடு தட்டுத்தடுமாறி ஏறி வந்தவர் என் லாரியை அண்ணாந்து பார்த்தார்.

“இது இறங்கியிருந்தா...” என்றார். அன்றைக்கே பாதையை மாற்றி வரையத் தொடங்கினார்.

இப்போது ரோடு செம்பாறை வழியாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் ஹாலிஸின் வீம்பு போகவில்லை. உத்தரவை மீறியதற்காக வெர்னாவுக்கு மூன்று நாள் சஸ்பென்ஷன். திரும்பி வந்ததும், “இனி இவ்வாறு செய்யமாட்டேன்” என்று அச்சடித்த கடிதத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். அவள் அந்த வரியை ஒரே கோடாக அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினாள்: “மழை பெய்தால் மறுபடியும் செய்வேன்.”

கையெழுத்தும் போட்டாள். அதற்குக் கீழே லாரி ஓட்டும் நாங்கள் பதினொரு பேரும் போட்டோம்.