கிரீஸ் கையும் கோடிச் சேலையும்

காலை பத்து மணி, எலவனாசூர்கோட்டை. ஆயுத பூசைக்கு மறுநாள் ஊர் சுற்றக் கிளம்பியது என் புத்தி. வெள்ளிமலைக்குப் போக வேண்டும். வந்த பேருந்துகளிலோ கால் வைக்க இடமில்லை. ஒன்று நிற்கக்கூட இல்லை. எரிச்சலில் ஒரு டிரெய்லர் லாரிக்குக் கை காட்டினேன், அது நின்றுவிட்டது.

ஓட்டுநர் பெயர் மாணிக்கம். நாற்பது வயதிருக்கும். தானும் வெள்ளிமலைக்குத்தான் போவதாகச் சொன்னார். கம்பி லோடைக் கள்ளக்குறிச்சி குடோனில் விட்டுவிட்டு அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். ஊரில் அவருடைய அக்கா விடியற்காலையில் இறந்துவிட்டாள். லாரியில் பாதி வழி வந்த பிறகுதான் செய்தி வந்ததாம்.

அவரே பேசினார். பிறந்த வீடு என்று அக்காவுக்கு மிச்சமிருந்தது அவர் ஒருவர்தான். உடன்பிறந்தவன் கொண்டுவரும் கோடிச் சேலையைப் போர்த்திய பிறகுதான் பிணத்தை எடுக்க வேண்டும். சேலையை உளுந்தூர்பேட்டையிலேயே வாங்கிவிட்டார். பச்சை நிறம்; பையோடு கண்ணாடிக்கு முன்னால் கிடந்தது. மலையில் மழை, குளிர்பெட்டியும் கிடைக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் வந்துவிடு என்று அக்கா வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

தியாகதுருகம் தாண்டி ஒரு வளைவு. முதுகுக்குப் பின்னால் இரும்பு கிறீச்சிட்டது. மாணிக்கம் ஸ்டியரிங்கை ஒடித்தும் லாரி திரும்பாமல் நேரே எதிர்ப்பக்கம் போயிற்று. எதிரே ஒரு பேருந்து. அது மண்ணில் இறங்கி ஒதுங்கியதால் நாங்கள் பிழைத்தோம். மாணிக்கம் சாலையோரக் காலி மனையில் வண்டியை நிறுத்தினார்.

எஞ்சின் உள்ள முன்வண்டியின் முதுகில் ஒரு வட்டமான இரும்புத் தட்டு இருக்கிறது. பிப்த் வீல் என்கிறார்கள். பின்வண்டியின் அடியிலிருந்து இறங்கும் கிங் பின் என்ற இரும்பு முளை அதன் நடுவே பூட்டிக்கொள்ளும். பின்வண்டியின் பாரம் அந்தத் தட்டின் மேல் உட்கார்ந்துதான் திரும்ப வேண்டும். தட்டு முழுக்க கிரீஸ் குழைந்து கிடக்க வேண்டும்; இல்லையென்றால் இரும்பு இரும்பைப் பிடித்துக்கொண்டு வண்டி திரும்பாது. பூசைக்காக அதை டீசல் விட்டுத் துடைத்து, பளபளக்க வைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தது மாணிக்கமேதான். கிரீஸ் கன் பூசையில் மாலையோடு இருந்தது. மறுநாள் காலை மறுபூசை முடியாமல் கருவியைத் தொடக்கூடாது. விடியுமுன்னே லோடு வந்துவிட்டது. கிரீஸ் பூசாமல் அப்படியே பின்வண்டியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கழற்றிப் பூச ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார். எனக்குக் கோபமே வந்தது. குடோனுக்கு இன்னும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தானே, உருட்டிக்கொண்டு போகலாம், முதலில் அக்கா முகத்தைப் பாருங்கள் என்றேன்.

"எங்கக்காவுக்கு அழுவ நான் ஒருத்தன் போதுங்க. அந்த பஸ்ல எத்தினி பேரோட அக்கா போய்க்கினு இருந்தாங்களோ" என்றார்.

பின்வண்டியின் இரும்புக் கால்களை இறக்கி ஊன்றினார். பூட்டை இழுத்து முன்வண்டியை நகர்த்தினார். தட்டில் சந்தனம் பொடிப்பொடியாகக் காய்ந்திருந்தது. நடுவில் இரும்பு வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. மணலையும் சந்தனத்தையும் சுரண்டித் துடைத்தார். பக்கத்து லாரி பட்டறையில் ஒரு டப்பா கிரீஸ் வாங்கி, தட்டிலும் பூட்டின் தாடையிலும் கையாலேயே அப்பினார். திரும்ப மாட்டி, டார்ச் அடித்துப் பூட்டைப் பார்த்து, பின்வண்டி பிரேக்கைப் போட்டு ஒருமுறை முன்னால் இழுத்தும் பார்த்தார். நடுவில் இரண்டு தடவை அவருடைய போன் அடித்தது. எடுக்கவில்லை.

கள்ளக்குறிச்சி குடோனில் மூன்று லாரிகள் முன்னால் நின்றன. அங்கே ஒரு பஸ் தவறிப்போயிற்று. சோப்பு போட்டும் அவர் கையிலிருந்த கருப்பு போகவில்லை. "நீங்க வச்சிக்கினு வாங்க சார், எங்கையி பட்டா கறையாயிடும்" என்று சேலைப் பையை என்னிடம் தந்தார். ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டரும் அது என் மடியில் இருந்தது. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறியதும் மூடுபனி, சிக்னலும் போய்விட்டது. அவர் உள்ளங்கைகளை விரித்து முழங்காலில் வைத்தபடி வந்தார்.

வெள்ளிமலையில் இறங்கும்போது விளக்குப் போட்டுவிட்டார்கள். அக்கா வீட்டுக்காரர் குளித்த ஈரத் துண்டோடு எதிரே வந்தார். பாவம், அவரைக் கோபித்து என்ன பயன்?

"அஞ்சு மணி வரிக்கும் உன்னத்தான் பாத்துக்கினு இருந்தோம்டா. மழ வுடல, எடுத்துட்டோம்."

மாணிக்கம் அழவில்லை. இடுகாட்டுக்கு நடந்தார். கூடவே போனேன். புது மண் மேட்டில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கறைபடாமல் நானே விரித்துத் தரலாமென்று சேலையை எடுத்தேன். அவர் கருத்த இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார். கிரீஸ் என்றேன், என்னையறியாமல்.

"இனிமே பட்டா இன்னாங்க" என்றார்.

பச்சைச் சேலையில் பத்து விரலும் பதிந்திருந்தது. அதை மண்ணின் மேல் போர்த்தி, கால்மாட்டில் செருகிவிட்டார்.

கடைசிப் பேருந்தில் நான் மட்டும் மலையிறங்கினேன். ஊர் சுற்ற வந்தவன் எதையும் பார்க்கவில்லை, பார்க்கத் தோன்றவுமில்லை. வளைவுகளில் எதிரே வந்த வண்டிகள் எல்லாம் ஒழுங்காகத் திரும்பிப் போயின. கம்பியைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தேன். துளி கறை இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.