பால் சுரக்கும் சத்தம்

வாயை அரைகுறையாகத் திறந்துவைத்து, கண்ணை மூடி, சைலன்சருக்கு ஒரு முழம் தள்ளி உள்ளங்கையை நீட்டியபடி குந்தியிருக்கிறார் ஒமுர்சாக். மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டிருக்கிறது. வண்டிக்காரன் என்னவோ சொல்ல வருகிறான். சொல்லக் கூடாது. எஞ்சின் ஓடும்போது வாய் திறக்கிறவனைக் கண்டால் ஒமுர்சாக்குக்கு ஆகாது. ஒரு தடவை பள்ளித் தலைமையாசிரியரையே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்த் தெருவில் நிறுத்திவிட்டு வந்தார். புகை உள்ளங்கையில் புஸ் புஸ்ஸென்று படுகிறது. அந்தக் கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்கிறார். "பசிக்குது இதுக்கு" என்றால் பெட்ரோல் போதவில்லை. "வயிறு முட்டத் தின்னுருக்கு" என்றால் அதிகம். இந்த இரண்டைத் தவிர வேறு நோய் எதையும் அவர் ஒப்புக்கொள்வதில்லை.

எங்கள் மலையூரான கோச்கோரின் சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய இரும்புக் கண்டெய்னர்தான் அவர் பட்டறை. பக்கத்துக் கண்டெய்னர் என்னுடையது. நான் ரொட்டி விற்கிறேன். என் ரொட்டியில் பெட்ரோல் வாசம் அடிக்கிறது என்று பதினோரு வருஷமாக ஊர் சொல்கிறது. சொன்னாலும் வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள். ஒமுர்சாக்குக்கு இடது புருவம் கிடையாது. கார்புரேட்டர் ஒரு நாள் நெருப்பைத் தும்மியபோது போனது, திரும்ப முளைக்கவில்லை. யாராவது விசாரித்தால், இருக்கிற ஒன்றே போதும் என்று முடித்துவிடுவார்.

பிளக்கைக் கழற்றி வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். அதன் நுனி பால் விட்ட டீயின் நிறத்தில் இருக்க வேண்டும். ஞாபகத்தை நம்பாமல் நிஜமான டீயைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார். அந்த டீ என் மனைவி போட்டது. அவள் கோபமாக இருக்கும் நாளில் டீ கறுக்கும், அன்றைக்கு ஊர் வண்டியெல்லாம் கூடுதலாகப் பெட்ரோல் குடிக்கும் என்று நான் கிண்டல் செய்தால் அவருக்குச் சிரிப்பு வராது. கோப்பையை எடுத்துக்கொண்டு வந்து நின்று, "இன்னும் ரெண்டு சொட்டுப் பால் ஊத்தும்மா, தப்பா ட்யூன் பண்ணிடப் போறேன்" என்பார்.

யார் வண்டி கொண்டுவந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "வண்டி எங்கே தூங்குது?" எங்கள் ஊரே உயரம். கோடையில் பாதி ஜனம் மந்தையோடு இன்னும் மேலே, சோங்-கோல் ஏரிக்கரை மேய்ச்சலுக்குப் போய்விடும். அங்கே காற்று மெலிசு. கீழே செரிக்கிற தீனி மேலே செரிக்காது. மேலே தூங்குகிற வண்டிக்குப் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைச் சின்னதாகப் போட்டுப் பெட்ரோலைக் குறைக்க வேண்டும். இதைக் கேட்காமல் அவர் ஸ்பேனரைத் தொட்டு நான் பார்த்ததில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர.

அவருக்குக் கனவில் சத்தம் வரும். உருவம் இருக்காது, வெறும் சத்தம்தான். காலையில் பட்டறையைத் திறந்ததும் என்னிடம் சொல்வார், நான் மாவு அப்பிய கையோடு கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு குளிர்காலத்தில் வந்த சத்தம் அவரை விடவே இல்லை. "ஒரு பெரிய மந்தை, தூரத்துல, புதுப்பனி மேல நடக்குது. நடக்குதா நீந்துதான்னு தெரியல. குளம்புச் சத்தம் ஒண்ணோடொண்ணு கலந்து ஒரே மூச்சா வருது." சொல்லிவிட்டு வெகுநேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கென்னவோ அன்று ரொட்டியே சரியாக உப்பவில்லை.

அந்தச் சத்தத்துக்காக அவர் ஒரு புகைக்குழாய் செய்தார். இடிந்துபோன கூட்டுப்பண்ணையில் பால் ஓடிய பழைய துருவேறா எஃகுக் குழாயை அறுத்துக் கொண்டுவந்து, வளைத்து, பற்றவைத்து, தன் வண்டியில் மாட்டிக் கேட்பார். உதட்டைப் பிதுக்குவார். கழற்றி ஒரு விரலளவு அறுப்பார். இப்படியே மூன்று குளிர்காலம். ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து என்பதுபோல் வீட்டுக் கணப்படுப்பின் புகைக்கூண்டிலேயே கைவைத்தபோதுதான் அவர் மனைவி சத்தம் போட்டாள். அதற்குப் பிறகு குழாய் பட்டறைச் சுவரில் தொங்கியது. அந்தச் சத்தம் இன்னும் வரவில்லை, ஆனால் பக்கத்தில் வந்துவிட்டது என்பார்.

போன ஜூன் மாதம் எர்மெக் வந்தான். ஒமுர்சாக்கின் அக்கா சூயும்கானின் மகன். எங்கள் பக்கத்தில் ஒரு பழமொழி உண்டு: ஏழு ஓநாய் வந்தாலும் வரட்டும், அக்கா மகன் மட்டும் வரக் கூடாது. ஓநாயைச் சுடலாம். அக்கா மகன் கைநீட்டியதை இல்லையென்று சொல்லத் தாய்மாமனுக்கு வாய் கிடையாது. சொன்னால் மாமனுக்கும் ஆகாது, குடும்பத்துக்கும் ஆகாது. எர்மெக் ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி பட்டறையைச் சுற்றிப் பார்த்தான். விரல் சுவரைக் காட்டியது.

"மாமா, அது எனக்கு."

ஒமுர்சாக் கையைத் துணியில் துடைத்தார். பிறகு, "எடுத்துக்கோ மாப்ள" என்றார். மூன்று குளிர்காலத்தை ஒருவன் ரொட்டி மென்றுகொண்டே கேட்கிறான்.

அவரே மாட்டிக்கொடுத்தார். எர்மெக்கின் சீன வண்டியிலிருந்து பழைய சைலன்சரைக் கழற்றி, இணைப்பில் செம்பு வளையம் வைத்து, குழாயைப் பொருத்தி, கவ்வியை இறுக்கினார். குழாய் தாராளமாக மூச்சுவிட்டால் எஞ்சின் கூடுதலாகத் தின்னும் என்று பெரிய ஜெட்டாகப் போட்டார். எர்மெக் கிக்கரை உதைத்தான். ஐயோ, அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வேன்! சந்தைத் தெரு ஒரு கணம் நின்றது. முள்ளங்கி விற்கிறவள் தராசைத் தூக்கியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பனியில் மந்தை நடந்தது. தன் வண்டியில் மூன்று வருஷம் வராதது, மருமகனின் ஓட்டை வண்டியில் வந்துவிட்டது. ஒமுர்சாக் கண்ணைத் திறக்கவே இல்லை. எர்மெக் கிளம்பிப் பாலம் தாண்டி, சத்தம் தேய்ந்து, காற்றோடு போனபிறகும் திறக்கவில்லை.

எட்டாம் நாள் மேலேயிருந்து இறங்கிய ஒரு லாரிக்காரர் செய்தி கொண்டுவந்தார். சூயும்கானுக்கு ஒன்பது பால்குதிரைகள். ஒரு கோடையில் அந்தப் பாலைப் புளிக்கவைத்து விற்கிற குமிஸ்தான் அந்தக் குடும்பத்துக்கு வருஷம் முழுவதும் சோறு. மேய்ச்சலிலிருந்து குதிரைகளை ஓட்டிவருவது எர்மெக்கின் வண்டி. அந்த வண்டி இப்போது கறுப்புப் புகை கக்குகிறது, திக்குகிறது, நடுநடுவே துப்பாக்கிபோல் வெடிக்கிறது. மிரண்ட குதிரைகள் பாலை அடக்கிக்கொண்டன. குட்டி வாய்வைத்தாலும் விடுவதில்லை. இன்னும் நாலு நாள் போனால் மடி வற்றிவிடும். நாளை மதியத்துக்குள் தம்பி வந்து சரிசெய்யாவிட்டால் குழாய் ஏரிக்குள் போகும், அதோடு தம்பியும் தனக்கு இல்லை என்று அக்கா சொல்லியனுப்பியிருந்தார்.

மறுநாள் விடியலில் என் ரொட்டி வேனில் ஏறினோம். கணவாயில் காது அடைத்தது. அங்கேதான் ஒமுர்சாக் சொன்னார்: "நான் கேக்கவே இல்லையே." என்ன என்றேன். "வண்டி எங்கே தூங்குதுன்னு. ஊருக்கெல்லாம் கேக்குறேன். எங்கக்கா மகன் எங்கே தூங்குவான்னு எனக்குத் தெரியாதா? அந்தச் சத்தத்துல எல்லாம் மறந்துபோச்சு." அதற்குமேல் அவரைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

ஏரி மேல் மேகம் தரையிறங்கிக் கிடந்தது. கூடாரங்கள் மிதப்பதுபோல் தெரிந்தன. சூயும்கான் கட்டையான, அகன்ற தோள்கொண்ட பெண்மணி. தம்பிக்கு டீ கொடுத்தார், முகம் கொடுக்கவில்லை. என்னிடம் மட்டும், "பாலு ஓடின குழாயாம். என் பாலை நிறுத்தவா செஞ்சான்?" என்றார். ஒமுர்சாக் பிளக்கைக் கழற்றினார். கரி. அதை அக்காவுக்குத் தெரியாமல் பையில் போட்டுக்கொண்டார்.

புது பிளக்கும் சின்ன ஜெட்டும் போட்டார். கார்புரேட்டர் ஊசியை ஒரு படி இறக்கினார். கரட்டுப் பாதை குலுக்கியதில் இணைப்பு தளர்ந்து காற்று புகுந்திருந்தது. எரியாத பெட்ரோல் குழாய்க்குள் வெடித்தது அதனால்தான். புது வளையம் வைத்து இறுக்கினார். வெடிப்பு நின்றது, புகை நின்றது. பழைய கம்பீரத்தோடு மந்தை மறுபடி நடந்தது. ஆனால் வரிசையில் கட்டியிருந்த குட்டிகள் துள்ளின, தாய்கள் காதைப் பின்னுக்கு மடித்தன. குழாயைக் கழற்றிவிடலாமே என்றேன். கொடுத்ததை மாமன் கழற்றக் கூடாது. எர்மெக்கும் கழற்ற மாட்டான். குழாய் வாயில் கம்பளத் துண்டைத் திணிக்கலாமா என்று கேட்டான் அந்தப் புத்திசாலி. கூடாரத்துக்கும் சேர்த்துத் தீ வைக்கலாம் என்றேன்.

ஒமுர்சாக் குழாயை நுனிவரை ஒரு தடவை தடவினார். பிறகு பையிலிருந்து, சத்தத்தை அடக்குகிற துளைபோட்ட சின்னக் குழல் ஒன்றை எடுத்தார். இரும்புப் பஞ்சை அதன்மேல் சுற்றினார். தன் குழாயின் வாய்க்குள் செருகி, துளையிட்டு ரிவெட் அடித்து நிறுத்தினார். சுத்தியல் விழும் ஒவ்வொரு தடவையும் அவர் புருவம் சுருங்கியது. மறுபடி உதைத்தபோது மந்தை இல்லை, பனி இல்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம்தான். கார்புரேட்டரின் காற்றுத் திருகை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பினார்.

சூயும்கான் வாளியோடு வந்தார். ஒன்பதிலும் மிகக் கோழையான பழுப்புக் குதிரையைத் தேர்ந்தெடுத்து, பத்தடி தூரத்தில் வண்டி ஓடட்டும் என்றார். குட்டியைக் கொஞ்சம் ஊட்டவிட்டு விலக்கினார். ஒற்றை முழங்காலை ஊன்றி, வாளியைத் தொடைமேல் வைத்து மடியைத் தொட்டார். குதிரை நடுங்கியது. ஒன்றும் வரவில்லை. வெகுநேரம் கழித்து வாளியின் அடியில் ஒரு பீச்சு விழுந்தது. இன்னொன்று. பிறகு தாரையாக, பால். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொன்னால் என்ன, கலங்கிவிட்டது.

போதும் என்று ஒமுர்சாக் எஞ்சினை நிறுத்தக் கையை நீட்டினார். சூயும்கான் திரும்பவில்லை. நெற்றியைக் குதிரையின் விலாவில் சாய்த்து அதன் நடுக்கத்தைக் கவனித்தபடி, பால் வழியும் இடது கையை மட்டும் தோளுக்கு மேலே தூக்கினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தன. காற்றில் இருந்த ஏதோ ஒரு திருகை மயிரிழை அளவு இடப்பக்கம் திருப்பிக் காட்டின. யார் சொல்லும் கேட்காத ஒமுர்சாக் சட்டென்று குனிந்து, வண்டியின் காற்றுத் திருகை அவ்வளவே திருப்பினார். குதிரை காதை முன்னால் நிமிர்த்தியது.