மொட்டை என்றால் திருடனா?

தேவசேனா திருமலையில் பெண்களுக்கு முடியிறக்குகிறவள். அவள் கத்திக்கு முன்னால் டாக்டரம்மாவும் குனிவார், கூலிக்காரியும் குனிவாள். சந்தனம் பூசிவிட்டால் யார் எவர் என்று அவளுக்கே தெரியாது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் தரணிக்குக் காய்ச்சல் விட்டதும், வேண்டிக்கொண்டபடி தன் கையாலேயே மொட்டை அடித்தாள்.

மறுவாரம் தரணி பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னாடி ஆச்சு?”

“யார் பென்சில் காணோம்னாலும் என் பையத்தான் தேடறாங்கம்மா. மொட்டைன்னா திருடனாம்.”

தேவசேனாவுக்கு விளங்கிவிட்டது. ஃபோனில் ஓடும் பொம்மைப் படத்தில் திருடன் மொட்டை, அவனைப் பிடிக்கிற வீரனுக்குச் சுருட்டை முடி. சோறு துன்ன வைக்க அவளே போட்டுக் காட்டியதுதான். மொட்டைத் தலையில் அடி விழும்போதெல்லாம் தரணியும் கைதட்டியிருக்கிறாள். இப்போது பள்ளி ஆண்டு விழா நாடகத்துக்கும் அதே கதை. திருடன் வேஷம் தரணிக்கு.

“ஒரு விக்கு மாட்டிட்டா தீர்ந்துது” என்றான் கணவன் ஜெயச்சந்திரன், ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே.

“வேண்டிக்கினு எடுத்த முடிய்யா. மறைக்கறதுக்கு கொழந்த இன்னா தப்பு பண்ணுச்சு?”

நேராகப் பள்ளிக்குப் போய் வகுப்பு ஆசிரியர் ஹரிபாபு சாரைப் பார்த்தாள். நல்ல மனிதர், அதிர்ந்து பேசத் தெரியாதவர்.

“மேடையில பார்த்ததும் திருடன்னு தெரியணும் கதாம்மா, இல்லையா?”

“ஊரே மொட்டையடிச்சிக்கினு திரியற ஊரு சார் இது.”

“பசங்க பார்க்கிறது அப்படி. அந்தப் படத்தை நானா எடுத்தேன்?”

மலைக்கு ஏறும் பஸ்ஸில் அந்தக் கேள்வியும் கூடவே ஏறியது. ஃபோனைப் பிடுங்கி வைத்துவிடலாம். உள்ளே போன கதையை எந்தக் கத்தியால் சிரைப்பது?

வேலை முடிந்ததும், கூட வேலை செய்யும் சந்திரம்மாவின் முன்னால் போய்க் குனிந்து உட்கார்ந்தாள். “எனக்கும் எடுத்துடுக்கா.”

“ஏண்டி, வேண்டுதலா?”

“இல்ல, வீம்பு.”

“சாமி கோச்சிக்கும்டி.”

“கோச்சிக்கினா எங்கிட்ட கோச்சிக்கட்டும்.”

மறுநாள் வகுப்பில் நாடக ஒத்திகை. தேவசேனா உள்ளே நுழைந்ததும் சத்தம் அடங்கியது. தன் கைப்பையை மேஜைமேல் வைத்தாள். “தேடுங்கடா கண்ணுங்களா. நானும் மொட்டைதான்.”

வீரன் வேஷக்காரன் கிஷோர் கேட்டான். “ஆன்ட்டி, நீங்களும் திருடுவீங்களா?”

“ரேய்!” என்று சார் அதட்டினார்.

“கேக்கட்டும் சார். நீயே சொல்லுடா, நான் இன்னா திருடினேன்?”

கிஷோர் அவள் தலையையே பார்த்தான். “தெரியலையே.”

“தெரியாமதான் தெனமும் எம்பொண்ணு பைய தேடறீங்களா?”

கிஷோர் தலையைக் குனிந்துகொண்டான். ஹரிபாபு சார் தொண்டையைச் செருமினார். “சரிம்மா, திருடனுக்கு ஒரு பையனைப் போடறேன், தலையில முடியோடவே. தரணி மரமா நிக்கட்டும்.”

கடைசி பெஞ்சிலிருந்து தரணி எழுந்தாள். “மரமா நிக்கமாட்டேன். திருடனை நான் பிடிப்பேன்.”

“வீரனுக்கு முடி வேணும்டி!” என்று இரண்டு மூன்று குரல்கள்.

சார் தேவசேனாவைப் பார்த்தார், மகளைக் கூப்பிட்டு உட்கார வைப்பாள் என்று. அவள் கூப்பிடவில்லை. தரணி பெஞ்சுகளைத் தாண்டி முன்னால் வந்து கிஷோரின் எதிரே நின்றாள்.

“நகரு” என்றாள்.