சூட்டுப் பெட்டி வண்டி

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஆம்புலன்ஸ் வந்தது துரையின் பெருந்தன்மையால் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் உண்டு. துரை புதுக் கார் வாங்கினார். பழையதை நிறுத்த பங்களாவில் இடமில்லை. அதனால் அது தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்தது, அவ்வளவுதான். அதற்கு ஒரு கூட்டம் கூட்டி, மாலை போட்டு, தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கர் அரைமணி நேரம் பேசினார். நானும் கைதட்டினேன். தட்டாமல் அந்தத் தோட்டத்தில் மருத்துவச்சியாகக் காலம் தள்ளியிருக்க முடியாது.

அந்தக் காரில் ஒரு ஹீட்டர் இருந்தது. துரைசாணிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று கப்பலில் தருவித்துப் பூட்டியது. முன் சீட்டுக்காரரின் காலடியில் ஒரு கறுப்புப் பெட்டி. எஞ்சினைச் சுற்றி ஓடும் சுடுதண்ணீர் அதற்குள்ளும் வந்து போகும். சுவிட்சைத் தட்டினால் சின்ன விசிறி ஒன்று பாட்டரியில் சுற்றி அந்தச் சூட்டைக் காற்றாக வெளியே தள்ளும். லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளி ஜனங்கள் அதைச் சூட்டுப் பொட்டி என்றார்கள். வண்டிக்கும் அதுவே பெயராகிவிட்டது.

என்னைக் கேட்டால் அந்த வண்டியில் உருப்படியாக இருந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான். எங்கள் தோட்டம் தலவாக்கலைக்கு மேலே மலையின் உச்சியில் இருந்தது. தை மாதத்து விடியற்காலையில் பள்ளத்துப் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும், கொழுந்து கருகிவிடும். மாதம் நிறையாமல் பிறக்கிற பிள்ளைகளின் உடம்பில் சூடு தங்காது. பெரிய ஆஸ்பத்திரியோ பன்னிரண்டு மைல் கீழே. அங்கே போய்ச் சேரும்வரை பிள்ளை குளிராமல் இருந்தால் பிழைக்கும். குளிர்ந்தால் போய்விடும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

வண்டியோடு துரையின் பழைய டிரைவரும் வந்தார். தொப்பியும் வந்தது. அவரிடம் ஒரு வித்தை இருந்தது. கோயில் முடக்கை, அந்தக் கோயிலடி வளைவைத் தாண்டியதும் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டு, வண்டியை இறக்கத்தில் தானாக உருள விடுவார். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது பழகியது. யுத்தம் முடிந்து வருஷக்கணக்காகியும் விடவில்லை, ஏனென்றால் துரை ஒருநாள் அதைப் பார்த்துவிட்டுத் தோளில் தட்டிக்கொடுத்தாராம். பாலம் வரை ஐந்து மைல் சத்தமில்லாமல் இறங்குவோம். பாலத்துக்கு அப்பால் ஒரு மேடு. அங்கே மட்டும் எஞ்சினைப் போட்டு ஏறுவார், ஏறி முடிந்ததும் மறுபடி நிறுத்துவார். வயிற்றுப்பிள்ளைக்காரிகளுக்குக் குலுக்கலே இல்லை, பல்லக்கு மாதிரிப் போகிறது என்று நானே அவரைப் புகழ்ந்திருக்கிறேன். இதை மறைத்துப் பயனில்லை.

வண்டி வந்த முதல் தையில், மேட்டு லயத்துக் கொழுந்துக்காரி ஒருத்திக்கு ஏழரை மாதத்தில் பெண் பிள்ளை பிறந்தது. தாய்க்கு உதிரம் நிற்கவில்லை. அவளை அசைக்கக் கூடாது என்று மருந்தையா சொன்னார். தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பானவர் அவர். பிள்ளையைப் பஞ்சில் பொதிந்து, கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டு நான் கிளம்பினேன்.

"சூட்டுப் பொட்டி வண்டியிலதானங்க போறீங்க?" என்று கேட்டாள் தாய்.

ஆமாம் என்றேன். அவள் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

முன் சீட்டில் உட்கார்ந்து, பெட்டியின் வாய்க்கு நேரே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டேன். விசிறி சுற்றியது, காற்றும் வந்தது. ஆனால் கோயில் முடக்கு தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே அது ஆறிய தேத்தண்ணிக் கோப்பையைத் தொட்ட மாதிரி ஆகிவிட்டது. சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். பிள்ளையை ரவிக்கைக்குள் வைத்து என் உடம்போடு அணைத்துக்கொண்டேன். அதன் மூச்சு எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் கேட்கவில்லை.

கீழே டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "குளிர விட்டுட்டீங்களே" என்றார்.

செத்த பிள்ளையோடு திரும்பி மேலே ஏறும்போது அந்தப் பெட்டி என் காலைச் சுட்டது. சுடச்சுடக் காற்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை நிறுத்தச் சொன்னேன். டிரைவர் நிறுத்தினார்.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் ஆராய்ச்சி. ஆண்கள் நாலு பேர் ஒரு காரின் பானட்டைத் திறந்துவிட்டால் அதை மூட வைப்பது லேசான காரியமில்லை. மருந்தையா, டிரைவர், காரோடு வந்த புத்தகத்தோடு பெரிய கிளாக்கர், அப்புறம் ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையை நடத்தும் டீமேக்கர். டீமேக்கர் எதற்கென்றால், கொழுந்தைச் சூடான காற்றில் காயவைக்கிறவர் அவர். சூடான காற்றைப் பற்றி மலையில் அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அவரே அப்படிச் சொன்னார்.

வாசலில் நின்ற வண்டியின் எஞ்சினைப் போட்டார்கள். கொஞ்ச நேரம் ஓட விட்டார்கள். ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து பெட்டிக்கு முன்னால் கையை நீட்டினார்கள்.

"கை சுடுதேங்க!" என்றார் டீமேக்கர்.

"நான்தான் சொன்னேனே," என்றார் டிரைவர். "மேல வரும்போதும் கொதிச்சிச்சு. நர்சம்மாதான் நிறுத்தச் சொன்னாங்க."

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். மருந்தையா தொண்டையைச் செருமிக்கொண்டு, பிள்ளையை இன்னும் ஒரு சுற்று இறுக்கிச் சுற்றியிருக்கலாம் என்றார். எத்தனை பிள்ளைகளை அவர் சுற்றியிருக்கிறார் என்று கேட்க வாய் வரை வந்தது.

ஆனால் நான் விடவில்லை. இறங்கும்போது காற்று வெதுவெதுப்பாகத்தான் வருகிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். தொல்லை தாங்காமல் ஆளுக்கொரு வைத்தியம் பார்த்தார்கள். பெரிய கிளாக்கர் புத்தகத்தைப் படித்துவிட்டு, எஞ்சின் நன்றாகச் சூடேறுமுன் கிளம்புவதுதான் கோளாறு என்றார். அதிலிருந்து புறப்படுமுன் அரைமணி நேரம் வாசலில் நின்று வண்டி புகை விட்டது. டீமேக்கர் ரேடியேட்டருக்கு முன்னால் கொழுந்துச் சாக்கை மடித்துக் கட்டினார், குளிர்காற்று உள்ளே போகாமல் இருக்க. டிரைவர் சுடுதண்ணீர் வரும் குழாயின் திருகை இன்னும் ஒரு சுற்றுத் திறந்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். ஒவ்வொரு வைத்தியம் முடிந்ததும் நின்ற இடத்திலேயே எஞ்சினைப் போட்டுக் கையை நீட்டுவார்கள். கை சுடும். வண்டி சரியாகிவிட்டது என்று கலைந்து போவார்கள். ஒருத்தராவது முன் சீட்டில் உட்கார்ந்து பாலம் வரை வந்து பார்க்கலாமே. அந்த மாதிரியான யோசனை படித்த மண்டைகளுக்கு வராது.

வண்டி இறங்கும்போதெல்லாம் காற்று வெதுவெதுப்பாகவே வந்தது.

"பொம்பளைங்களுக்கு எப்பவும் குளிருதான்," என்று டீமேக்கர் சொன்னது என் காதில் விழ வேண்டும் என்றே சொன்னது.

அடுத்த தையும் வந்தது. இந்த முறை ஆற்றோர லயத்தில் ஆண் பிள்ளை, எட்டு மாதம் முடியவில்லை. தாய் திடமானவள். "எம் புள்ளைய நானே கொண்டாறேங்க" என்று எழுந்து நடந்தே வந்து முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையை அவள் மார்போடு வைத்துக் கட்டினேன். நான் பின் சீட்டில் முன்பக்கம் சாய்ந்து, பிள்ளையின் பாதத்தைப் பிடித்தபடி வந்தேன். கோயில் முடக்கு தாண்டியதும் சாவி திரும்பியது. மூன்றாம் மைலில் அந்தப் பாதம் ஜில்லென்று ஆகத் தொடங்கியது. போன தையின் பிள்ளையே திரும்பி வந்து மறுபடி என் கையில் சாகப் போகிறது என்று நினைத்தேன்.

பாலம் வந்தது. எஞ்சின் உறுமியது. மேட்டில் ஏறினோம், உச்சியைத் தொட்டதும் எஞ்சின் நின்றது.

தாய் தலையைத் திருப்பினாள். "நர்சம்மா, அந்த மேட்டுல ஏறுறப்ப நல்லா சூடு வந்துச்சுங்க. இன்னொருவாட்டி ஏறச் சொல்லுங்களேன்."

எழுதப் படிக்கத் தெரியாதவள். அந்த வண்டியில் அன்றைக்குத்தான் முதல் தடவை ஏறுகிறாள். எஞ்சின் ஓடினால்தானே சுடுதண்ணீர் பெட்டிக்குள் ஓடும்! அடுப்பை அணைத்துவிட்டுச் சோறு வேகவில்லை என்று ஒரு வருஷமாக மாரடித்திருக்கிறோம்.

"எஞ்சினப் போடுங்க," என்றேன்.

"இறக்கத்துலயா? எதுக்குங்க?"

"போடுங்க!"

"துரை உத்தரவுங்க நர்சம்மா. இறக்கத்துல எஞ்சின் ஓட்டுனா எனக்குத்தான் கெட்ட பேரு."

"போடாட்டி இங்கயே இறங்கி நடந்து போவேன். புள்ள செத்தா தொரகிட்ட நீங்களே போய் சொல்லுங்க, உத்தரவ மீறலைன்னு."

போட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, இரண்டாம் கியரில் இறங்கினார். அடுத்த முடக்கு வருவதற்குள் காற்று சூடாகிவிட்டது. மைல்கல் இரண்டு தாண்டியதும் என் விரலுக்குள் இருந்த பாதம் ஒரு தடவை உதைத்தது. தாய் அழுதாள். நானும்தான். டிரைவருக்கு வியர்த்தது.

பிள்ளை பிழைத்தது. அதற்குப் பிறகு அந்த வண்டி நோயாளியோடு இறங்கும்போது எஞ்சினை நிறுத்தவில்லை, நிறுத்த நான் விடவில்லை. தோட்டத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் தெரியுமா? சாக்குதான் வேலை செய்தது என்றார் டீமேக்கர். கொஞ்ச நாள் பழகினால்தான் சாக்கு சரியாகப் படியுமாம். அரைமணி நேரச் சூடேற்றல் என்றார் பெரிய கிளாக்கர், புத்தகத்தில் பக்கத்தையும் காட்டினார். அந்தத் தாயின் பேச்சை நான் சொன்னபோது இருவரும் சிரித்தார்கள். டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து என் முகத்தைப் பார்த்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

எனக்கும் புரிந்ததுதானே. அவர்களாவது நின்ற வண்டியைப் பார்த்தவர்கள். நான் உள்ளே உட்கார்ந்து வந்தவள். அந்தப் பெண் பிள்ளையின் மூச்சைக் கோயில் முடக்கிலிருந்து கடைசிவரை கேட்டுக்கொண்டு வந்தேன். ஓடுகிற காரில் அவ்வளவு சின்ன மூச்சு எப்படிக் கேட்டது என்று ஒரு கணம் யோசித்திருந்தால் போதும். எஞ்சின் ஓடியிருந்தால் கேட்டிருக்காது. பல்லக்கு மாதிரி என்று புகழ்ந்த இதே வாயை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

சில நாள் கழித்துக் காலையில் பெரட்டுக் களத்தின் ஓரமாக நான் போய்க்கொண்டிருந்தேன். வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரம். மேட்டு லயத்துக்காரி, போன தையில் பிள்ளையைப் பறிகொடுத்தவள், கூடையை முதுகில் மாட்டியபடி என்னிடம் வந்தாள்.

"சூட்டுப் பொட்டி இப்ப நல்லாயிருச்சாமேங்க நர்சம்மா. ஆத்தோர லயத்துப் புள்ள பொழச்சிருச்சாம்."

"ஆமா," என்றேன்.

"என்ன கோளாறாங்க அது?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. அறிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஒரு வருஷமாக ஊரில் ஒவ்வொரு ஆணையும் மனதுக்குள் முட்டாள் என்று திட்டிக்கொண்டிருந்தவள் நான், அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் அவள் கூடையின் கயிற்றைப் பார்த்தேன்.

"முன்னால சாக்கு கட்டியிருக்காங்க," என்றேன். "குளிர்காத்து உள்ள போகாம."

"அப்பிடிங்களா," என்று தலையாட்டிவிட்டு அவள் மலைக்கு ஏறினாள்.