தாலி கட்டும் நேரத்தில் திரையில் ஓடிய கோடுகள்

போன வருடம் தை மாதம், மலேசியாவில், கோத்தா திங்கியில் ஒரு கல்யாணம். வார நாளில் தொழிற்சாலை வேலை, ஞாயிற்றுக்கிழமையானால் கல்யாண வீடியோ, இதுதான் என் பிழைப்பு. அன்றைக்குக் கூடுதலாக ஒரு பொறுப்பு. பெண்ணின் அப்பா இடுப்பெலும்பு முறிந்து ஜொகூர் பாருவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். மகள் கழுத்தில் தாலி ஏறுவதை அவர் கைப்பேசியில் நேரலையாகப் பார்த்தே ஆக வேண்டும். மண்டபத்துப் பெரிய திரையிலும் அதே படம்தான் ஓடியது.

சடங்கு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் படம் முழுக்கக் கோடு கோடாக ஓட ஆரம்பித்தது. மாப்பிள்ளையின் முகம் நாலு துண்டாகிப் பிறகு ஒன்றுசேர்ந்தது. எனக்கு வியர்த்துக் கொட்டியது. பேட்டரியை மாற்றினேன், கேபிளை மாற்றினேன். ஊஹூம்!

என்னை ஒட்டி நின்ற பெண்ணின் தாய்மாமா என்னைவிட அதிகமாகப் பதறினார். வாசலில் வண்டி நிறுத்துகிறவர்களையும் சமையல்காரர்களையும் வாக்கிடாக்கியில் விரட்டிக்கொண்டிருந்தவர் அவர். "கண்ணு பட்டிருச்சு தம்பி!" என்றவர் வாக்கிடாக்கியை அமுக்கி, "கிச்சன், கிச்சன்! ஒரு எலுமிச்சம்பழம் கொண்டாங்க, ஓவர்!" என்று கத்தினார். திரையில் கோடுகள் பேயாட்டம் ஆடின.

பழம் வந்தது. வாக்கிடாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு கேமராவுக்கு மூன்று முறை சுற்றினார். படம் பளிச்சென்று வந்துவிட்டது! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்குச் சுற்றிவந்து ஐயர் கைக்குத் திரும்பியது. மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கிச்சன், கண்ணு கழிஞ்சிருச்சு, ஓவர்!" மறுபடியும் கோடு.

தலைகுனிந்து அடக்கமாக உட்கார்ந்திருந்த மணப்பெண் அதுவரை ஓரக்கண்ணால் திரையையேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"மாமா! நீங்க அத அமுக்கிப் பேசுறப்பதான் கோடு வருது. ஆஃப் பண்ணுங்க லா! அப்பா பார்க்கிறாரு. நீங்க ஆஃப் பண்ணாம நான் கழுத்த நீட்ட மாட்டேன்!"

"அலமாக்! நானா?" மாமா அதை அணைத்து வேட்டி மடிப்பில் ஒளித்துக்கொண்டார். மண்டபமே சிரித்தது. கெட்டிமேளம் முழங்கத் தாலி ஏறியது. படத்தில் ஒரு கோடு இல்லை.

இதில் கேவலம் என்ன தெரியுமா? தொழிற்சாலையில் நான் வேலை பார்ப்பதே, ரேடியோ அலை பட்டால் மின்னணுக் கருவிகள் கோளாறு செய்கின்றனவா என்று சோதிக்கும் பிரிவில்தான். பதினொரு வருடமாக இதே வேலை. எனக்கு எலுமிச்சம்பழம் போதுமாக இருந்திருக்கிறது!

சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா வீடியோ காலில் வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "தாலி ஏறுனத அவ்ளோ தெளிவா பார்த்தேம்மா. படம் புடிச்ச தம்பி ரொம்பக் கெட்டிக்காரன்!" என்றார். பெண் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "ஆமாப்பா" என்று மட்டும் சொன்னாள், காட்டிக்கொடுக்கவில்லை. இன்றைக்கும் யாராவது என்னைக் கெட்டிக்காரன் என்று பாராட்டினால், அந்தச் சிரிப்புதான் நினைவுக்கு வருகிறது.