மிதாஸு என்றால் நாங்கள்தானே

பிள்ளை பெற்ற கையோடு எனக்கு ஒரு பயமும் பிறந்தது. யாங்கோன் நகரத்துத் தின்கன்ஜூன் பகுதியில் நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, செங்குத்தான படிக்கட்டு. பிள்ளையோடு தனியாக இருந்தால், அவளை அங்கே கைநழுவ விட்டுவிடுவேனோ, நழுவாமலே நானாக விட்டுவிடுவேனோ என்று வாசல் பக்கமே போகமாட்டேன்.

வீட்டில் "பயமா இருக்கு" என்றேன். வைத்தியத்துக்குக் குறைவில்லை. மாமியார் உடம்பெல்லாம் மஞ்சள் பூசினார். நாத்தனார் திருஷ்டி சுற்றினார். கணவர் செல்போனிலிருந்து தலையை எடுக்காமல், "கரண்ட் வந்தா சரியாப்போயிடும்" என்றார். யாங்கோனில் கரண்ட் ஒழுங்காக வருவதற்குள் என் மகள் பள்ளிக்கூடமே முடித்துவிடுவாள்.

முழுசாகச் சொன்னது கிளினிக் ஸயாமாவிடம்தான். நர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தார். பிள்ளை பெற்றவளின் மனசை எப்படித் தாங்குவது என்று டாக்டர்களும் வீட்டாரும் சேர்ந்து பேசுவார்களாம். 'மிதாஸுவோடு வாருங்கள்' என்று பர்மியச் சொல்லில் செய்தி வந்தது. மிதாஸு என்றால் குடும்பம்.

மாமியார் புதுத் தமெய்ன் லுங்கியை இடுப்பில் கட்டிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "மிதாஸுன்னா நாங்கதானே? நீ எதுக்கு இந்த வெயில்ல? புள்ளையப் பாத்துக்கிட்டு இரு."

"கூட்டமே எனக்காகத்தான், அத்தை."

"அதான் உனக்காக நாங்க போறோமில்ல."

என் பிரசவத்துக்குக் கிடைக்காத லீவு கணவருக்கு இதற்குக் கிடைத்தது. மூவரும் டாக்சி பிடித்துப் போனார்கள். அங்கே சமூசாவும் டீயும் உண்டு என்று நாத்தனார் முன்பே விசாரித்து வைத்திருந்தார்.

நான் கதவைத் தாழிட்டேன். பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு எதிர்ச் சுவரோரம் போய் உட்கார்ந்தேன். அவள் வீறிட்டு அழுதாள். தூக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

போன் அடித்தது. ஸயாமா. ஸ்பீக்கரில் போட்டிருந்தார் போலும், கூட்டத்தின் இரைச்சலும் கேட்டது.

"எல்லாரும் வந்தாச்சு, நீங்க எங்க? இப்ப உங்ககூட யாரு இருக்காங்க?" என்று பர்மியத்தில் கேட்டார்.

"யாருமில்ல, ஸயாமா. என்னைத் தனியா விடக்கூடாதுன்னு கத்துக்க எல்லாரும் அங்கதான் வந்திருக்காங்க."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி தள்ளப்படும் சத்தம் கேட்டது. ஸயாமா போனை வைக்கவே இல்லை, ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தார்.

கணவர் மேல்மூச்சு வாங்கப் படியேறி வந்து கதவைத் தட்டினார். திறந்துவிட்டு மறுபடி சுவரோரம் உட்கார்ந்தேன். பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டார். என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"உனக்கு என்னதான் பண்ணுது, சொல்லு."

பிள்ளை பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது.